குகையில் நற்செய்தி படித்த துறவி

திருவண்ணாமலையில் ஒரு குகை.

கீழே அண்ணாமலையார் கோவில். கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை கொண்டது. 217 அடி உயரம். மலைமேல் இருந்து பார்த்தால் அதுவும் சிறிதாகத் தெரியும்.

1952-ம் ஆண்டு. அந்தக் குகைக்கு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்து சேர்ந்தார். இடுப்பில் காவி வேட்டி. காலில் செருப்பு இல்லை. முகத்தில் தாடி. நாள் முழுவதும் மவுனம்.

ரமண மகரிஷியை நாடி வெளிநாட்டார் பலர் திருவண்ணாமலைக்கு வந்தது உண்டு. இவரும் அப்படி வந்தவர்தான். ஆனால் இவரிடம் ஒரு வேறுபாடு இருந்தது.

இவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்!

குகைக்குள் அவர் ஏசுநாதரைத் தொழுதார். யோவான் நற்செய்தியைத் தியானித்தார். கூடவே உபநிடதங்களையும் தியானித்தார்.

இரண்டும் அவருக்கு உயிர். இரண்டும் அவரை இரண்டு பக்கம் இழுத்தன. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 20 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தன.

அவர்தான் சுவாமி அபிஷிக்தானந்தர்.

கடலோரப் பையன்

பிரான்சு நாட்டில் பிரிட்டானி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே கடலோரத்தில் உள்ள சிற்றூர் சான் பிரியாக். 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி அவர் அங்கே பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆன்றி லெ சோ. அவர்தான் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

19 வயதில் அவர் துறவு மடத்தில் சேர்ந்தார். அது கெர்கொனான் என்ற ஊரில் உள்ள பெனடிக்டு சபை மடம். மடத்தில் காலை முதல் இரவு வரை ஜெபம், படிப்பு, உழைப்பு. 1935-ம் ஆண்டு அவர் குருப்பட்டம் பெற்றார். மடத்தின் நூல் நிலையத்தைக் கவனிக்கும் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே, 1934-ம் ஆண்டு முதல், அவர் மனத்தில் ஒரே ஆசை. இந்தியாவுக்குப் போக வேண்டும்! அங்கே துறவியாக வாழ வேண்டும்!

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பாதிரியாரும் பட்டாளத்தில் சேர வேண்டியதாயிற்று. அவருடைய படை எதிரிகளிடம் பிடிபட்டது. அவர் தப்பி ஊர் வந்து சேர்ந்தார்.

1944-ம் ஆண்டு தாயார் இறந்தார். போர் முடிந்தது. ஆனால் இந்திய ஆசை தணியவில்லை.

திருச்சிக்கு வந்த கடிதம்

1947-ம் ஆண்டு அவர் திருச்சி பிஷப் மென்டோன்சாவுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதம். பிஷப் அதைத் தன்னிடம் பணி செய்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் கொடுத்தார்.

அந்தப் பாதிரியாரின் பெயர் மோன்சனின். அவர் 1939-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுக்கு வந்தவர். நல்ல படிப்பாளி. கிராமங்களில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தவர். தம்மைப் போலவே எண்ணும் ஒரு துணைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்.

கடிதத்தைப் படித்ததும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. காத்திருந்த துணை கிடைத்துவிட்டது!

1948-ம் ஆண்டு லெ சோ கப்பல் ஏறினார். ஆகஸ்டு மாதம் வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவர் சாகும் வரை பிரான்சுக்குத் திரும்பவே இல்லை.

காய்ச்சலில் கேட்ட வேதம்

1949-ம் ஆண்டு ஜனவரி மாதம் மோன்சனின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். ரமண மகரிஷி அப்போது உயிரோடு இருந்தார்.

லெ சோ மிகுந்த எதிர்பார்ப்போடு வந்தார். ஆனால் முதலில் அவருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. மகரிஷியைச் சுற்றிக் கூட்டம். விழுந்து விழுந்து கும்பிடும் பக்தர்கள். எங்கே அந்த அருள் ஒளி என்று அவர் தேடினார். அது கண்ணில் படவில்லை.

ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி அவருக்குத் தக்க புத்தி சொன்னார். மனம் நிறைய மூட்டையைச் சுமந்து வந்தால் புதிதாக எதுவும் உள்ளே போகாது. காலி மனத்தோடு போய் உட்காரும்படி அவர் கூறினார்.

அந்த நேரத்தில் லெ சோவைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. காய்ச்சலில் மூளை வாதாடவில்லை. அலசிப் பார்க்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஆசிரமத்தில் ஓதிய வேதம் நேரே உள்ளே இறங்கியது. மகரிஷியின் முகம் மனத்தில் பதிந்தது.

அவர் ஊர் திரும்பினார். ஆனால் மனம் மலையிலேயே தங்கிவிட்டது.

அதே ஆண்டு அவர் மறுபடியும் வந்தார். அதன் பிறகும் வர எண்ணியிருந்தார். ஆனால் 1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி மகரிஷி காலமானார். மகரிஷி போன பிறகு, மலையே அவருக்குக் குரு ஆயிற்று.

காவிரிக் கரை ஆசிரமம்

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி என்று ஒரு கிராமம். காவிரிக் கரை. அடர்ந்த மாந்தோப்பு. 1950-ம் ஆண்டு மார்ச்சு 21-ந்தேதி அங்கே மோன்சனினும் லெ சோவும் ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். அதன் பெயர் சச்சிதானந்த ஆசிரமம். மக்கள் அழைக்கும் பெயர் சாந்திவனம்.

இருவரும் காவி உடுத்தினார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். சைவ உணவு உண்டார்கள். ஜெப ஆலயத்தை இந்துக் கோவிலின் கருவறை போலக் கட்டினார்கள்.

இருவரும் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். லெ சோவின் பெயர்தான் அபிஷிக்தானந்தர் ஆயிற்று. கிறிஸ்து என்ற சொல்லுக்கு அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். அபிஷேகம் பெற்ற அந்த ஆண்டவனிடம் ஆனந்தம் காண்பவர் அபிஷிக்தானந்தர்.

சீடர்கள் நிறைய வருவார்கள் என்று இருவரும் நம்பினார்கள். வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் நிலைக்கவில்லை. மாந்தோப்பில் அமைதி இருந்தது. ஆள் இல்லை.

அபிஷிக்தானந்தரின் கால்கள் மீண்டும் மீண்டும் திருவண்ணாமலைக்கு நடந்தன. 1952 முதல் 1955 வரை அவர் பல முறை மலைக்குகைகளில் தங்கினார். அவற்றில் ஒன்று வண்ணாத்தி குகை. சில நாட்கள் அவர் ஊருக்குள் இறங்கிப் பிச்சை எடுத்துச் சாப்பிட்டார்.

அந்தக் குகைகளில்தான் யோவான் நற்செய்தி அவருக்குப் புது நூலாகத் தெரிந்தது.

நற்செய்தி பிறந்த மண்

ஏசுநாதரின் வரலாற்றைச் சொல்லும் நற்செய்திகள் நான்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று பெயர். யோவான் நற்செய்தியே கடைசியில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதல் நூற்றாண்டின் இறுதியில், ஏசு மறைந்து 60 ஆண்டுகள் கழித்து, அது எழுதப்பட்டது என்பார்கள்.

எழுதிய மொழி கிரேக்கம். ஆனால் ஏசு பேசிய மொழி அரமேயம். அவர் படித்த வேதம் எபிரேயம். ஆக, மூன்று மொழிகளின் மணம் அந்த நூலில் உண்டு.

அதன் மிகப் பழைய துண்டு ஒன்று எகிப்தில் கிடைத்தது. நாணல் தாளில் எழுதியது. உள்ளங்கை அளவுகூட இராது. ஏசுநாதரை ரோமானிய அதிகாரி பிலாத்து விசாரித்த கதை அதில் இருக்கிறது. 1935-ம் ஆண்டு அது அச்சில் வெளியாகி அறிஞர்களை வியக்க வைத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர நூல் நிலையத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

யோவான் நூலின் தொடக்கத்தில் ஒரு கிரேக்கச் சொல் வருகிறது. லோகாஸ் என்பது அந்தச் சொல். தமிழ் பைபிளில் வார்த்தை என்றும், வாக்கு என்றும் இதை மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

கிரேக்க ஞானிகளுக்கு லோகாஸ் என்றால் உலகத்தை ஒழுங்காக நடத்தும் அறிவு. யூதர்களுக்கோ வார்த்தை என்றதும் வேறு நினைவு வரும். கடவுள் சொன்னார், உலகம் உண்டாயிற்று என்ற படைப்புக் கதை நினைவுக்கு வரும். எகிப்தில் அலெக்சாந்திரியா நகரில் பிலோ என்ற யூத அறிஞர் இருந்தார். அவர் ஏசுநாதர் காலத்தவர். அவர் இந்த இரண்டையும் இணைத்து எழுதினார்.

ஆகவே அந்த ஒரு சொல்லைப் படித்ததும் கிரேக்கனுக்கு ஒரு கதவு திறந்தது. யூதனுக்கு இன்னொரு கதவு திறந்தது.

யோவான் நூலில் ஒளி, இருள் என்ற பேச்சு அடிக்கடி வரும். இது முழுக்கக் கிரேக்கர்களின் பாணி என்று பலர் எண்ணியது உண்டு. 1947-ம் ஆண்டு சாக்கடல் ஓரத்துக் குகைகளில் பழைய சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. ஏசுநாதர் காலத்தை ஒட்டிய யூதச் சுருள்கள் அவை. அவற்றிலும் ஒளியின் மக்கள், இருளின் மக்கள் என்ற பேச்சு இருந்தது. யோவான் நூலுக்கு யூத மண்ணில் ஆழமான வேர் உண்டு என்பது உறுதி ஆயிற்று.

ஒரு நூலை முழுதும் அறிய வேண்டுமானால், அது பிறந்த மண்ணையும் அறிய வேண்டும். இதற்கு நல்ல சான்று இது.

நான் என்ற சொல்

குகையில் அபிஷிக்தானந்தரை ஆட்டிவைத்தது இன்னொரு சொல். மிகச் சிறிய சொல். அது நான் என்ற சொல்.

யோவான் நற்செய்தியில் ஏசு பல இடங்களில் நானே என்று கூறுகிறார். கிரேக்கத்தில் அது ஏகோ எய்மி. சாதாரணமாகக் கேட்டால் சாதாரணச் சொல்தான். ஆனால் யூதர் காதில் அது இடிபோல விழும்.

ஏன்?

யூத வேதத்தில் மோசே என்ற பெரியவர் வருகிறார். ஒரு மலையில் அவர் ஒரு புதரைக் கண்டார். புதர் பற்றி எரிந்தது. ஆனால் கருகவில்லை. நெருப்பின் நடுவில் இருந்து கடவுள் பேசினார். மோசே பெயர் கேட்டார். கடவுள் கூறிய பெயர் இருத்தல் என்ற பொருள் கொண்டது. இருப்பவன் என்று சொல்லலாம்.

அந்தப் பின்னணி தெரிந்தால்தான் ஏசுவின் நானே என்ற சொல்லின் எடை புரியும்.

திருவண்ணாமலையோ நெருப்புத் தலம். சிவபெருமான் அடிமுடி காணாத நெருப்புத் தூணாக நின்ற இடம் என்பது புராணம். கார்த்திகை தோறும் மலை உச்சியில் தீபம் எரிகிறது. அந்த மலையடியில் அமர்ந்துதான் ரமணர், நான் யார் என்று ஆராயும்படி உலகத்துக்குக் கற்பித்தார்.

ஒரு நூலில் நானே என்ற சொல். ஒரு மலையில் நான் யார் என்ற கேள்வி. இரண்டும் அபிஷிக்தானந்தரின் உள்ளத்தில் சந்தித்தன.

நற்செய்தி இந்தியாவில் பிறந்தது என்று அவர் கூறவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு. கிரேக்கர்கள் தங்கள் தத்துவத்தைத் துணையாகக் கொண்டு நற்செய்தியைப் படித்தார்கள். ஐரோப்பா அந்த வழியையே பின்பற்றியது. அப்படியானால் இந்தியன் உபநிடதத்தைத் துணையாகக் கொண்டு அதை ஏன் படிக்கக் கூடாது?

ஐரோப்பா போட்ட மூக்குக் கண்ணாடி ஒன்றுதான் கண்ணாடியா என்பதே அவர் கேள்வி.

நண்பரின் கவலை

இந்தக் கேள்வி சுலபமானது அல்ல. அதில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது.

அத்வைதம் இரண்டு இல்லை என்கிறது. உள்ளது ஒன்றே என்றால், பக்தன் யார்? கடவுள் யார்? யார் யாரைக் கும்பிடுவது?

நற்செய்தியில் ஏசு கடவுளைத் தந்தை என்று அழைக்கிறார். பிரார்த்தனை செய்கிறார். அங்கே தந்தை உண்டு, மகன் உண்டு, இருவருக்கும் இடையே அன்பு உண்டு. எல்லாம் ஒன்றே என்றால் அந்த அன்புக்கு இடம் எங்கே?

மோன்சனின் கவலைப்பட்டது இதற்காகத்தான். அவர் இந்தியாவை நேசித்தவர். காவி உடுத்தவர். ஆனாலும் தோழர் அத்வைதக் கடலில் இறங்குவதைக் கண்டு அவர் அஞ்சினார். இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு வளர்ந்தது. அவர் அச்சத்தில் நியாயமும் இருந்தது. பிறந்த மண்ணை மறந்து ஒரு நூலைப் படித்தால், படிப்பவன் தன் சொந்த எண்ணத்தை நூலின் மேல் ஏற்றிவிடக் கூடும்.

அபிஷிக்தானந்தருக்கும் இந்த அச்சம் இருந்தது. அவர் டைரி எழுதினார். பாதிரியார் ஆடையில் தாம் பொய்யாக வாழ்கிறோமோ என்று அதில் துடித்தார். அத்வைத அனுபவத்தை மறுத்தால் மனச்சாட்சிக்குத் துரோகம். ஏசுவை விட்டால் உயிருக்கே துரோகம். எதை விடுவது?

குகை அனுபவங்களை அவர் ஒரு புத்தகமாக எழுதினார். அதன் பெயர் குகாந்தரா. அச்சிட அனுமதி கேட்டுப் பாரிசுக்கு அனுப்பினார். திருச்சபையின் தணிக்கையாளர் அனுமதி மறுத்தார். சபைக் கொள்கைக்கு மாறான கருத்துகள் அதில் நிறைய இருப்பதாகக் கருதினார்.

1955-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் திருக்கோவிலூர் சென்றார். அங்கே தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டார். கண்டதும் இவர் தம் குரு என்று உள்ளம் கூறியது. அவர் பாதத்தில் விழுந்து வணங்கினார். மறு ஆண்டு கும்பகோணத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் முழு மவுனத்தில் இருந்தார்.

1957-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மோன்சனின் பாரிசில் காலமானார். மாந்தோப்பில் அபிஷிக்தானந்தர் தனி ஆளாக நின்றார்.

முடிச்சு அவிழ்ந்தது எப்படி?

ஓடிப்போவதால் முடிச்சு அவிழாது என்று அவர் உணர்ந்தார். ஏசுவையும் விடவில்லை. அத்வைதத்தையும் விடவில்லை. இரண்டையும் பொறுமையோடு சுமந்தார்.

1960-ம் ஆண்டு அவர் இந்தியக் குடிமகன் ஆனார்.

1961-ம் ஆண்டு முதல் ஒரு நல்ல முயற்சி நடந்தது. டெல்லியில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தூதராக இருந்த கூத்தா என்பவர் கிறிஸ்தவ அறிஞர்களைக் கூட்டினார். அல்மோராவிலும் நாகபுரியிலும் கூட்டங்கள் நடந்தன. எல்லாரும் உட்கார்ந்து உபநிடதத்தையும் பைபிளையும் சேர்த்துப் படித்தார்கள். அபிஷிக்தானந்தரே அதில் முன் நின்றார். குகையில் தனியாகப் பட்ட பாடு பலருக்குப் பயன்பட்டது.

அந்தக் கூட்டங்களில் இருந்து ஒரு புத்தகம் பிறந்தது. 1969-ம் ஆண்டு அதன் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. இந்து சமயமும் கிறிஸ்தவமும் இதயக் குகையில் சந்திக்கின்றன என்பது அந்த நூலின் கருத்து. யோவான் நற்செய்தியை உபநிடதமாகக் காட்டும் பகுதியும் அதில் உண்டு.

உலகமும் மாறியது. 1965-ம் ஆண்டு ரோமாபுரியில் நடந்த கத்தோலிக்கப் பொதுச்சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ளவற்றைத் திருச்சபை தள்ளுவது இல்லை என்று அது அறிவித்தது. முன்பு சந்தேகத்துக்கு ஆளான வழி இப்போது ஓரளவு திறந்தது.

அவருடைய முடிச்சு மூளையால் அவிழவில்லை. அதை அவிழ்க்க உதவியதும் ஒரு சின்னச் சொல்தான்.

ஏசு கடவுளை அழைத்த அரமேயச் சொல் எது தெரியுமா? அப்பா!

மாற்கு நற்செய்தியில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அரமேயம் வேறு, தமிழ் வேறு. ஆனாலும் தமிழ்க் குழந்தை தகப்பனைக் கூப்பிடும் சொல்லும் அதுவே.

கடைசி ஆண்டுகளில் அவர் இந்தச் சொல்லையும் நானே என்ற சொல்லையும் சேர்த்துத் தியானித்தார். மகன் அப்பா என்று அழைக்கும்போது இருவர் இருக்கிறார்கள். ஆனால் அந்த அழைப்பில் பிரிவு இல்லை. ஒன்று என்றும் சொல்ல முடியாது. இரண்டு என்றும் சொல்ல முடியாது. ஏசுவின் அனுபவமும் உபநிடத முனிவர்களின் அனுபவமும் தம் உள்ளத்தில் பகை இல்லாமல் வாழ முடியும் என்று அவர் கண்டார்.

கங்கைக் கரையில்

1968-ம் ஆண்டு அவர் சாந்திவனத்தைப் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலத் துறவியிடம் ஒப்படைத்தார். தாம் இமயமலையில் உத்தரகாசிக்குப் போய்ச் சிறு குடிலில் வாழ்ந்தார்.

1973-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி. ரிஷிகேசம் கடைவீதி. பஸ்சைப் பிடிக்க ஓடினார். மாரடைப்பு! தெருவோரத்தில் விழுந்தார்.

சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் கிடந்த அந்த நேரம் அவருக்குத் துன்பமாகத் தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் தேடியது கிடைத்துவிட்டது என்றே நண்பர்களுக்கு எழுதினார். விழிப்பு என்று அதை வருணித்தார். பழைய போராட்டம் ஓய்ந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 7-ந்தேதி இந்தூர் நகரில் அவர் காலமானார். வயது 63.

அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1986-ம் ஆண்டு, டைரி அச்சில் வந்தது. சிரித்த முகத்தோடு வாழ்ந்த சாமியார் உள்ளே எவ்வளவு துடித்தார் என்பதை உலகம் அப்போதுதான் முழுமையாக அறிந்தது.

அவர் முடிவை ஏற்காத கிறிஸ்தவ அறிஞர்கள் உண்டு. ஏற்காத இந்து அறிஞர்களும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறுக்க முடியாது. தன் வேதத்தை மதிப்பவன் பிறர் வேதத்தையும் உட்கார்ந்து, பணிந்து, நாள் கணக்கில் படிக்க முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். இந்தியாவுக்குக் கற்பிக்க வந்த பாதிரியார், மாணவனாகக் குகையில் உட்கார்ந்தார். அதற்காக அவர் கொடுத்த விலை 20 ஆண்டு மன வேதனை.

காவிரிக் கரையில் சாந்திவனம் இன்றும் இருக்கிறது. திருவண்ணாமலையில் கார்த்திகை தோறும் தீபம் எரிகிறது. ஒரு காலத்தில் அந்த மலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் யோவான் நற்செய்தியைத் தியானித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.